வீட்டு ஹோலில டிவி குவிஸ் ஷோ: கேம் தெரிவு செய்யிறதில இருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் முழு வழிகாட்டி

போன தீபாவளிக்கு எங்கட வெள்ளவத்தை பிளட்டில பதினாலு பேர். சாப்பாடு முடிய பெரியாக்கள் செட்டியில சாஞ்சிட்டினம், பிள்ளையள் போனுக்குள்ள போயிட்டினம். நான் ஆசைப்பட்டு வாங்கி வச்சிருந்த கேம போட்டன், அமெரிக்காவில பேர்போன ஒரு டிவி குவிஸ் ஷோவின்ட கேம். வந்த முதல் கேள்வி பேஸ்போலப் பற்றி, ரெண்டாவது அமெரிக்காவின்ட ஏதோ ஒரு மாநிலத்தின்ட தலைநகரம், மூண்டாவதும் பேஸ்போல். அம்மம்மா "என்ன தம்பி கேக்குது அது?" எண்டா, நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிய டைம் போயிட்டுது. கால் மணித்தியாலத்தில மாமா ரிமோட்ட எடுத்து நியூஸ் போட்டிட்டார்.

பொங்கலுக்கு அதே ஆக்கள், அதே ஹோல், இரவு பதினொண்டரை மட்டும் ஒருத்தரும் எழும்பேல்ல. நான் மாத்தினது ஒண்டே ஒண்டுதான். ஷோவின்ட சட்டத்த மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விய எங்கட கேள்வியா போட்டன். டிவி குவிஸ் ஷோ எல்லாத்திலயும் எங்களப் பிடிச்சு வச்சிருக்கிறது கேள்வி இல்ல, அந்தச் சட்டம்தான்: ஆர் முந்தி அமத்துறது, எப்ப மற்ற ரீம் புள்ளியப் பறிக்கலாம், எந்த இடத்தில பயந்து நிப்பாட்டலாம். அது மொழி பாக்காது. கேள்வி பாக்கும். இத நீங்களும் செய்யிறதுக்கு நான் செய்து பாத்த ஒழுங்கிலேயே எழுதுறன்.

முதல் படி: உங்கட வீட்டுக்கு எந்த ஷோ சரி எண்டு பாருங்கோ

டிவியில பாக்கேக்க நல்லா இருக்கிற ஷோ எல்லாம் வீட்டில நல்லா வராது, கனபேர் பிழை விடுறது இங்கதான்.

எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்சது மில்லியனர்தான். 1998 செப்டெம்பர்ல இங்கிலாந்தின்ட ஐடிவியில துவங்கினது, பிறகு இந்தியாவில அமிதாப் பச்சன் 2000ல, தமிழில சரத்குமாரின்ட கோடீஸ்வரன், 2012ல விஜய் டிவியில சூர்யா செய்த நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி, இங்க சிங்களத்தில சிரச லக்ஷபதி. அதால எல்லாரும் முதல் அதத்தான் கேப்பினம். ஆனா அதில விளையாடுறது ஒராள், மற்றாக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கோணும். ஸ்டூடியோவில அது சரி, ஏனெண்டா கதிரையில இருக்கிறவற்ற வாழ்க்கையே மாறப்போற காசு அங்க இருக்கு. வீட்டில அந்தக் காசு இல்ல, பத்து நிமிசத்தில பிள்ளையள் எழும்பிப் போயிடுங்கள். அத இரவின்ட கடைசிக்கு வையுங்கோ, எப்படி எண்டு பிறகு சொல்லுறன்.

வீக்கஸ்ட் லிங்க் மாதிரி ஒவ்வொராளா வெளிய அனுப்புற ஷோவ குடும்பத்துக்குள்ள தொடவே வேண்டாம். முதல் ரவுண்டில வெளிய போன ஒம்பது வயசுப் பிள்ளை மிச்ச ஒரு மணித்தியாலம் என்ன செய்யும்? அதோட மாமியும் மருமகளும் ஆள வெளிய அனுப்ப வோட்டுப் போடுற விளையாட்டு எந்த வீட்டுக்கும் நல்லதில்ல.

ஜெப்படி, 1964ல மெர்வ் கிரிஃபின் துவக்கினது, ஒரு போர்ட்டில ஆறு தலைப்பு, ஒவ்வொண்டுக்கும் கீழ அஞ்சு கேள்வி, கீழ போகப் போகப் புள்ளி கூடும். இது வீட்டுக்கு நல்லா வரும், ஆனா எல்லாம் தெரிஞ்ச ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலயும் இருப்பார், ஆக்களத் தனித்தனியா விட்டா முழுப் போர்ட்டையும் அவரே துடைச்சிடுவார். ரீமாத்தான் போடோணும்.

என்னக் கேட்டா எல்லாத்திலயும் நல்லது ஃபமிலி ஃபியூட். 1976ல அமெரிக்காவின்ட ஏபிசியில வந்தது, இங்கிலாந்தில ஃபமிலி ஃபோர்ச்சூன்ஸ் எண்டு செய்தவை. நூறு பேரிட்ட ஒரு கேள்வி கேட்டு, கூடப் பேர் சொன்ன பதிலுக்குக் கூடப் புள்ளி. இதில அறிவு வேண்டாம், மற்றாக்கள் என்ன நினைப்பினம் எண்டு நினைச்சுப் பாக்கத் தெரிஞ்சாக் காணும், அதில அம்மம்மாவ வெல்ல ஒருத்தராலயும் ஏலாது.

ரெண்டாம் படி: கேம் வாங்குறதா, நாங்களே செய்யிறதா

இந்த ஷோக்கள் கேமா வாறது புதுசில்ல. எண்பதுகளின்ட கடைசியிலேயே நின்டெண்டோவின்ட என்ஈஎஸ் மெஷினுக்கு ஜெப்படியும் வீல் ஒஃப் ஃபோர்ச்சூனும் வந்திட்டுது, கேம்டெக் எண்ட கம்பனி வெளியிட்டது, ரேர் எண்ட கம்பனி செய்து குடுத்தது. இப்ப பாத்தா யூபிசொஃப்ட் 2017ல அந்த ரெண்டையும் பிளேஸ்டேசன் 4க்கும் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கும் விட்டது, 2020ல ஃபமிலி ஃபியூட் விட்டது, அதே வருசம் மைக்ரொயிட்ஸ் மில்லியனர் விட்டது. இங்கிலீசு ஷோவப் பாத்து வளந்த பிள்ளையள் உங்கட வீட்டில இருந்தா வாங்குங்கோ, நல்லாத்தான் இருக்கும். ஆனா தமிழ் ஒண்டிலயும் இல்ல எண்டது மனசில இருக்கட்டும்.

ஷோவில இருந்து நேரா எடுக்காம, ஷோவ மாதிரியே புதுசாச் செய்த கேம்ஸ்தான் பார்ட்டிக்குக் கூடப் பொருந்தும் எண்டது என்ர எண்ணம். ரெண்டச் சொல்லுறன்.

ஒண்டு பஸ் (Buzz), ஏறிப்போற பஸ் இல்ல. 2005ல பிளேஸ்டேசன் 2க்கு வந்தது, ரிலென்ட்லெஸ் எண்ட கம்பனி செய்தது. அதோட நாலு கைப்பிடி பசர் வரும், மேல ஒரு பெரிய சிவப்பு பட்டன், கீழ நீலம், ஒரேஞ், பச்சை, மஞ்சள் எண்டு நாலு சின்னது. கொன்ட்ரோலர கையில எடுத்தே அறியாத ஒரு ஆளுக்கு நீட்டினாலும் என்ன செய்யோணும் எண்டு கேக்க மாட்டினம். எங்கட பெரியம்மா அத வாங்கினவுடன சேலைத் தலைப்ப இடுப்பில செருகிப்போட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு, பெருவிரல் ரெண்டையும் அந்தச் சிவப்புக்கு மேல வச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டா, கேள்வி துவங்க முந்தியே. பழசு வாங்கக் கிடைச்சா விடாதேங்கோ. முதல் வந்த வயர் செட்டில நாலும் ஒரே யூஎஸ்பி வயரில வாறது, லப்டொப்பில குத்தினாலும் கேம்பேட் மாதிரி எடுக்கும், அதால கேம் இல்லாட்டியும் பசர் பிரயோசனம். பழைய செட் வாங்கேக்க நாலு கைப்பிடியிலயும் அஞ்சு அஞ்சு பட்டன், இருபதையும் கடையிலயே அமத்திப் பாத்திட்டு வாங்குங்கோ. 2008ல வந்த "பஸ் குவிஸ் டிவி" எண்ட கேமில ஆக்கள் தாங்களே கேள்வி எழுதி ஏத்துற வசதியும் இருந்தது, மைபஸ் எண்டு. அந்தச் சேவை இப்ப இல்ல, ஆனா தங்கட கேள்வியத்தான் சனம் விரும்பும் எண்டு அப்பவே விளங்கியிருக்கு.

மற்றது ஜக்பொக்ஸ். 1995ல யூ டோன்ட் நோ ஜக் எண்ட குவிஸ் கேம செய்த அதே கூட்டம்தான், 2014ல முதல் பார்ட்டி பக் விட்டவை, கன கேம ஒண்டாப் போட்ட தொகுப்பு அது. ஒராளிட்ட கேம் இருந்தாக் காணும், மற்றாக்கள் போனில பிரவுசரத் திறந்து டிவியில காட்டுற நாலெழுத்துக் கோட அடிச்சா உள்ள வந்திடலாம், அப் ஒண்டும் இறக்கத் தேவையில்ல. பகிடி எல்லாம் அமெரிக்கப் பகிடி, இருபது வயசுக்காரருக்கு ஓகே, வயசான ஆக்களுக்கு ஒட்டாது. அவையின்ட கேம்களில குவிப்லாஷ் மட்டும் தனி ரகம், பதில நாங்களே எழுதுறது, இங்கிலீசு எழுத்தில தமிழ அடிச்சு விளையாடலாம். எங்கட கசின்மார் கூடினா அதுதான் ஓடும்.

இது ஒண்டுக்கும் காசு செலவழிக்க விருப்பமில்லாட்டி கஹூட் எண்ட குவிஸ் வெப்சைட் இருக்கு, இல்லாட்டி பவர்பொயின்ட் இருக்கு. கஹூட்டில கேள்வியத் தமிழில அடிக்கலாம், நாலு பதிலுக்கும் நாலு நிறம், சரியாச் சொன்னாலும் கெதியா அமத்தினவைக்குத்தான் கூடப் புள்ளி. இலவசக் கணக்கில எத்தின பேர் சேரலாம் எண்ட அளவு மாறிக்கொண்டே இருக்கும், அத விளையாட்டுக்கு முதல் நாள் பாருங்கோ. நான் பொங்கலுக்குச் செய்தது பவர்பொயின்டில.

மூண்டாம் படி: கேள்வி எழுதுறது

பாதி வேலை இதுதான். ஒரு கிழமை முந்தித் துவங்குங்கோ.

ஃபமிலி ஃபியூட்டுக்கு நூறு பேர் தேவையில்ல, நாப்பது காணும். குடும்ப வட்ஸ்அப் குரூப், பள்ளிக்கூட குரூப், ஒஃபிஸ் தமிழாக்கள், எல்லாத்திலயும் எட்டுக் கேள்விய கூகிள் ஃபோர்மா போடுங்கோ. ஒரு சொல்லில பதில் எழுதச் சொல்லுங்கோ, தெரிவு குடுக்காதேங்கோ, குடுத்தா நீங்க நினைச்சதுதான் வரும். அண்டைக்கு வரப்போற ஆக்களுக்கு ஃபோர்ம் போகக்கூடாது, இத மறந்தா எல்லாம் போச்சு. கேள்வி எப்பிடி இருக்கோணும் எண்டா, எல்லாருக்கும் ஒரு பதில் உடன வரோணும், ஆனா எல்லாருக்கும் ஒரே பதில் வரக்கூடாது. "காலி வீதியில பஸ் ஏறினவுடன முதல் என்ன செய்வீங்கள்?" நல்ல கேள்வி. "இலங்கையின்ட தேசியப் பறவை எது?" இதுக்கு உதவாது. "விருந்தாள் போகேக்க வாசலில நிண்டு கதைக்கிறது என்னத்தப் பற்றி?", "வெளிநாட்டில இருந்து வாற ஆள் சூட்கேஸில என்ன கொண்டருவார்?", "அம்மா போன் எடுத்தா முதல் கேக்கிறது என்ன?" இப்பிடி.

பதில் வந்தாப் பிறகு ஒரே கருத்த ஒண்டாக்கோணும். ஒராள் சொக்லேட் எண்டிருப்பார், ஒராள் இனிப்பு எண்டிருப்பார், ஒண்டுதான். புள்ளி எண்டது அந்தப் பதில எத்தின பேர் சொன்னவை எண்ட எண்ணிக்கை. பஸ் கேள்விக்கு நாப்பதில பதினாலு பேர் சீட் தேடுறது எண்டு சொல்லியிருந்தா பதினாலு புள்ளி. ஒராள் மட்டும் சொன்னதத் தூக்கி விடுங்கோ. ஷோவின்ட கடைசியில ஃபாஸ்ட் மணி வரும், ஒரு ரீமில ரெண்டு பேர், அஞ்சுக் கேள்வி, முதல் ஆளுக்கு 20 செக்கன், ரெண்டாம் ஆளுக்கு 25 செக்கன், ரெண்டு பேருமாச் சேர்ந்து 200 எடுக்கோணும். அந்த 200 நூறு பேரிட்ட கேட்ட கணக்கு. நீங்கள் நாப்பது பேரிட்டக் கேட்டா 80 வையுங்கோ, அப்பதான் அதே இறுக்கம் வரும். நான் முதல் இத யோசிக்காம 200 எண்டே வச்சு, ரெண்டு ரீமும் கிட்டவும் வரேல்ல, ஆக்களின்ட முகம் விழுந்து போச்சுது.

ஜெப்படி போர்ட்டுக்கு ஆறு கூட, அஞ்சு தலைப்பு அஞ்சு கேள்வி காணும், இருபத்தஞ்சு கேள்வி அரை மணித்தியாலம் ஓடும். தலைப்பிலதான் நியாயம் இருக்கு. ஒவ்வொரு வயசுக்கும் ஒரு தலைப்பு. எங்கட போர்ட்டில ஒண்டு "நம்பரச் சொன்னா இடத்தச் சொல்லு", கொழும்பின்ட தபால் நம்பரத்தான், கொழும்பு 13 எண்டா கொட்டாஞ்சேனை, 4 எண்டா பம்பலப்பிட்டி, 9 எண்டா தெமட்டகொட. அதில தாத்தாவ மிஞ்ச ஆளில்ல, முந்திக் கடிதம் போட்டுப் பழகின கை. இன்னொண்டு கிரிக்கெட்: 100க்கு, 1996 உலகக்கிண்ண ஃபைனல் எந்த ஊரில? லாகூர். 300க்கு, அந்த மச்சில அரவிந்த டி சில்வா எத்தின? 107, நொட் அவுட். 500க்கு, 2010ல காலியில முரளிதரன் எடுத்த 800ஆவது விக்கெட் ஆர்? பிரக்யான் ஓஜா. இதில ஒரு அளவு இருக்கு பாருங்கோ, 100க்கு வாற கேள்வி ஹோலில பாதிப்பேருக்குத் தெரியோணும், 500 ஒரே ஒராளுக்காவது தெரியோணும். ஒருத்தருக்கும் தெரியாத கேள்வி கஷ்டமான கேள்வி இல்ல, செத்த கேள்வி. பிள்ளையளுக்கு அவையள் பாக்கிற யூடியூப், கேம் தலைப்பு கட்டாயம் ஒண்டு, அந்தக் கேள்விய அவையளில ஒராளிட்டக் கேட்டே எழுதுங்கோ, நாங்கள் எழுதினா பிழைக்கும்.

எங்கயாவது ரெண்டு கட்டத்துக்குள்ள டெய்லி டபிள் ஒளிச்சு வையுங்கோ. அது வந்த ரீம் தங்கட புள்ளியில எவ்வளவும் பந்தயம் கட்டலாம். பின்னுக்கு நிக்கிற ரீம் எழும்பி வாறது இதாலதான்.

பவர்பொயின்டில போர்ட் செய்யேக்க ரெண்டு சின்ன வேலை. இலக்கத்தில லிங்க் போடேக்க கட்டத்துக்கு இல்லாம அந்த எழுத்துக்கே போடுங்கோ, பிறகு தீம் கலரில, பாத்து முடிஞ்ச லிங்கின்ட நிறத்தப் போர்ட்டின்ட நிறமாவே மாத்தி விடுங்கோ, ஒரு கேள்வி போய் வந்தவுடன அந்த இலக்கம் மறைஞ்சிடும், டிவியில வாற மாதிரியே. மற்றது, மவுஸ் கிளிக்கில அடுத்த ஸ்லைட் போறத நிப்பாட்டி வையுங்கோ, இல்லாட்டி கை பட்டு பதில் வெளிய வந்திடும். எழுத்து யூனிகோடில அடியுங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில அடிச்ச ஃபைல் உங்கட கொம்பியூட்டரில வடிவா இருக்கும், வேற ஆளின்ட லப்டொப்பில திறந்தா முழுக்க இங்கிலீசு எழுத்தும் செமிகோலனுமா நிக்கும், அந்த நேரம் ஆக்கள் எல்லாரும் டிவியப் பாத்துக்கொண்டு இருப்பினம்.

நாலாம் படி: ஹோல் ஒழுங்கு

டிவியில கேம் மோட் எண்டு ஒண்டு இருக்கும், போடுங்கோ, இல்லாட்டி அமத்தினதுக்கும் திரையில தெரியிறதுக்கும் இடையில தாமதம் வரும், குவிஸில அதுதான் சண்டைக்கு முதல் காரணம். ப்ளூடூத் ஸ்பீக்கரும் அப்பிடித்தான், பாட்டுக் கேள்வி இருந்தா வயர் போட்ட ஸ்பீக்கர் நல்லது. போனால விளையாடுறதெண்டா எல்லாரையும் முதலே வைஃபைக்குள்ள எடுங்கோ, பாஸ்வேர்ட ஒரு பேப்பரில பெரிசா எழுதி டிவிக்குக் கீழ ஒட்டுங்கோ. ரோல்ஸ், கட்லட் எல்லாம் விளையாட்டுக்கு முந்தியே முடிச்சு கை கழுவிட்டு வரட்டும், எண்ணெய்க் கை பசருக்கு ஆகாது. கரண்ட் போனாலும் விளையாட்டு நிக்கக்கூடாது, கேள்வி எல்லாம் ஒரு கொப்பியிலயும் இருக்கட்டும், 2022ல இங்க கரண்ட் வெட்டேக்க பழகின பழக்கம் இது.

அஞ்சாம் படி: பசர்

முதல் சொன்ன அந்த பஸ் கேமின்ட பசர் இல்லாட்டி கவலை இல்ல. பிரவுசரிலயே ஓடுற பசர் தளங்கள் இருக்கு, முதல் அமத்தினது ஆர் எண்டு அதுவே காட்டும். ஆனா வயசான ஆக்கள் கூட இருந்தா போன வைக்காதேங்கோ, ஸ்க்ரீன் லொக் விழும், கோல் வரும். நாங்கள் செய்தது: ஒரு ரீமுக்கு சில்வர் தம்ளரும் கரண்டியும், ஒரு ரீமுக்கு சைக்கிள் மணி, ஒரு ரீமுக்கு பித்தளைத் தாம்பாளம். மூண்டும் மூண்டு சத்தம், கண்ண மூடிக்கொண்டே ஆர் எண்டு சொல்லலாம். ஆர் முந்தி எண்டு வழக்கு வரும் எண்டு தெரிஞ்சு, தம்பியின்ட போன ஸ்லோ மோஷனில வச்சு மூண்டு கையும் தெரியிற மாதிரி ஷெல்ஃபில நிப்பாட்டினம். ஒருக்கா அத ஓட்டிப் பாத்தம், மாமியின்ட கரண்டி தம்ளர்ல முட்டி நிக்குது, சித்தப்பாவின்ட விரல் மணிக்கு மேல அந்தரத்தில நிக்குது. அதுக்குப் பிறகு வழக்கே இல்ல.

கேள்வி வாசிச்சு முடிக்க முந்தி ஆரும் அடிக்கக்கூடாது. ஜெப்படியில முந்தி அமத்தினா கால் செக்கனுக்கு பட்டன் பூட்டும். வீட்டில கால் செக்கன் அளக்க ஏலாது, முந்தி அடிச்ச ரீமுக்கு அந்தக் கேள்வி இல்ல, அவ்வளவுதான்.

ஆறாம் படி: நடத்துற ஆள்

நடத்துற ஆள் விளையாடக் கூடாது, புள்ளி எழுதுற ஆள் வேற ஆளா இருக்கோணும். கேம் வாங்கிப் போட்டாலும் ஒராள் எழும்பி நிண்டு நடத்தினாத்தான் அது ஷோ. எங்கட ஆக்களுக்கு இதச் சொல்லித்தரத் தேவையில்ல, பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் இலங்கை வானொலியில பாட்டுக்குப் பாட்டு நடத்தினதக் கேட்டு வளந்த வீடுகள் எங்கட வீடுகள், பிறகு அது சன் டிவிக்கும் போனது. பாட்டு ஆர் வேணுமெண்டாலும் பாடலாம், ஆனா சொல்ல வெட்டிக் குடுத்து, எழுத்த நிதானமாச் சொல்லி, பிழைச்ச ஆளையும் மரியாதையா இருத்தி எழுப்புறது அவரின்ட குரல். அதத்தான் செய்யோணும். வீட்டில வயசான ஒருத்தர் பிழையாச் சொன்னா "இல்ல, பிழை" எண்டு வெட்டாம ஒரு மூச்சு விட்டு, சொன்ன பதில திருப்பிச் சொல்லி, பிறகு சொல்லுங்கோ. சரியான பதிலுக்கும் அதே இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளதான் ஹோல் முழுக்க அமைதியாகும்.

ஏழாம் படி: இரவின்ட ஒழுங்கு

முதல் அரை மணித்தியாலம் ஃபியூட், எல்லாரும் சிரிச்சு இளகட்டும். ரீம வயசு கலந்து பிரியுங்கோ, புருசன் பெண்சாதி எதிர் ரீமில இருந்தா இன்னும் நல்லது. ரெண்டாவதா ஜெப்படி போர்ட். கடைசியா மில்லியனர், இருபது நிமிசம், கூடினா ரெண்டு பேர் கதிரையில.

மில்லியனரில மற்றாக்கள எப்பிடிப் பிடிச்சு வைக்கிறது எண்டா, எல்லாருக்கும் ஏ, பி, சி, டி எண்டு நாலு கார்ட்போர்ட் அட்டை குடுங்கோ. ஒவ்வொரு கேள்விக்கும் கதிரையில இருக்கிறவர் பதில் சொல்ல முந்தி மற்றாக்கள் தங்கட அட்டைய மடியில கவிட்டு வைக்கோணும், சரியா வச்ச ஆளுக்கு தனிப் புள்ளி. இப்ப எல்லாரும் விளையாடினம். ஓடியன்ஸ் உதவி கேட்டா அந்த அட்டைய எல்லாரும் ஒண்டா உயர்த்தோணும். கேள்வி பதினைஞ்சு வேண்டாம், பத்து காணும், அஞ்சாவதில ஒரு பாதுகாப்புப் படி, அதத் தாண்டினா பிறகு பிழைச்சாலும் அதுவரைக்கும் எடுத்தது போகாது.

ஃபோன் எ ஃப்ரெண்ட் இருக்கே, அதுக்கு எங்களவிட வசதியான ஆக்கள் உலகத்திலயே இல்ல, எல்லா வீட்டிலயும் வெளிநாட்டில நாலு பேர். இங்க இரவு எட்டு மணி எண்டா லண்டனில மத்தியானம் ரெண்டரை இல்லாட்டி மூண்டரை, டொரொன்டோவில காலமை ஒம்பதரை இல்லாட்டி பத்தரை, காலத்தப் பொறுத்து. சிட்னியில நடுச்சாமம் தாண்டியிருக்கும், அவையள விடுங்கோ. ஷோவில 30 செக்கன்தான் தாறவை. பொங்கலுக்கு பெரியப்பாவுக்கு ஸ்காபரோவுக்கு எடுத்தம், ஸ்பீக்கரில போட்டாச்சு, மனுசன் "எல்லாரும் சுகமோ, சாப்பிட்டியளோ, அங்க மழையோ?" எண்டு கேட்டு முடிய 30 செக்கனும் முடிஞ்சுது. கதிரையில இருந்த அண்ணா தலையில கை வச்சிட்டார். அதால எடுக்கப்போற ஆளுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி மெசேஜ் போடுங்கோ: கோல் வரும், நலம் விசாரிக்காம கேள்விய மட்டும் கேளுங்கோ, பிறகு ஆறுதலாக் கதைப்பம் எண்டு. கேள்வி முடிஞ்சாப் பிறகு கோல வெட்டாம அப்பிடியே டிவிக்குப் பக்கத்தில வையுங்கோ. பெரியப்பா அண்டைக்கு கடைசி மட்டும் லைனில இருந்து மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர். அடுத்த முறைக்கு அவருக்கும் ஒரு செட் அட்டை செய்து, அதப் படம் எடுத்து அனுப்பி, கமராவுக்கு முன்னால பிடிக்கச் சொல்லியிருக்கிறன்.